சோபாவை விட்டு எழாமல் பிசி கேம் ஆட முடியுமா?

கேள்வி இது: “படுக்கையறையில் கேமிங் பிசி இருக்கிறது, ஹாலில் 55 அங்குல 4கே டிவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிசியைத் தூக்கிக்கொண்டுபோய் டிவியில் மாட்டி, நண்பனிடம் இரவல் வாங்கிய கன்ட்ரோலரில் ஆடிப் பார்த்தேன். பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் ஆள் குதிக்கிறான். எழுத்தெல்லாம் மங்கல். டிவி சரியில்லையா? கன்ட்ரோலர் வாங்கினால் எது வாங்குவது, எக்ஸ்பாக்ஸா பிளேஸ்டேஷனா? பிசியை ஹாலில் வைக்க வீட்டில் சம்மதமில்லை. நீளமாக ஒரு எச்டிஎம்ஐ கேபிள் இழுத்தால் போதுமா, இல்லை வைஃபையில் ஆடலாமா?”

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன இரண்டு கோளாறுக்கும் இரவல் கன்ட்ரோலர் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. டிவியும் கெட்டுப்போகவில்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அந்த வேலை நமக்கு வேண்டாத வேலை, அவ்வளவுதான்.

டிவி என்பது சினிமாவுக்கும் சீரியலுக்கும் கிரிக்கெட்டுக்கும் செய்த பெட்டி. உள்ளே வரும் படத்தை அப்படியே திரையில் போடாது. புள்ளி புள்ளியாகத் தெரிவதைத் துடைக்கும், ஓரங்களைக் கூர்மையாக்கும், நிறத்தைத் தூக்கிவிடும், இரண்டு பிரேமுக்கு நடுவே தானே ஒரு பிரேமைச் செய்து செருகும். இந்தக் கடைசி வேலைக்கு அடுத்த பிரேம் என்னவென்று தெரிந்தாக வேண்டும். அதனால் வந்த பிரேமைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். படம் பார்க்கிறவருக்கு இதில் நஷ்டமில்லை, சத்தத்தையும் அதே அளவு தள்ளிவைத்தால் போதும். கன்ட்ரோலர் பிடித்தவர் பாடுதான் திண்டாட்டம். நொடிக்கு 60 பிரேம் ஓடும் கேமில் ஒரு பிரேம் 16.7 மில்லிசெகண்ட். டிவி ஆறு பிரேமைப் பிடித்து வைத்தால் 100 மில்லிசெகண்ட் அங்கேயே போய்விடும். ஆள் தாமதமாகக் குதிப்பது இதனால்தான்.

மருந்து ‘கேம் மோட்’. சில டிவியில் பிக்சர் மோட் பட்டியலிலேயே இருக்கும், சிலவற்றில் ‘ஜெனரல்’, ‘எக்ஸ்டர்னல் டிவைஸ்’ என்று எங்கேயாவது ஒளிந்திருக்கும். அதைப் போட்டதும் மேலே சொன்ன ஒப்பனை வேலைகளில் பெரும்பாலானவற்றை டிவி நிறுத்திவிடும். அண்மைக்கால டிவிகளில் தாமதம் 10, 15 மில்லிசெகண்டுக்கு இறங்கிவிடும். எச்டிஎம்ஐ 2.1 உள்ள டிவிகளில் கேம் சிக்னல் வந்தால் தானாகவே இந்த மோடுக்கு மாறும் வசதியும் உண்டு. ஆனாலும் ஒருமுறை கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பல டிவிகள் இந்த அமைப்பை ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனியாக நினைவில் வைக்கும். இன்று முதல் துளையில் போட்டுவிட்டு நாளை இரண்டாவதில் செருகினால் பழைய கதைதான்.

சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். டெஸ்க்டாப்பில் மவுஸை வேகமாக வட்டமாகச் சுற்றுங்கள். அம்புக்குறி ரப்பர் கட்டி இழுத்ததுபோலப் பின்னால் வந்தால் கேம் மோட் விழவில்லை. கையோடு ஒட்டி வந்தால் விழுந்துவிட்டது.

அடுத்தது மங்கல். இது வேறு நோய். வீடியோவில் இடத்தை மிச்சம் பிடிக்க ஒரு பழைய தந்திரம் உண்டு. வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக அனுப்புவார்கள், நிறத்தை மட்டும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகப் பங்குபோட்டு அனுப்புவார்கள். மனித முகத்திலும் மரத்திலும் இந்த வித்தியாசம் தெரியாது. மெல்லிய எழுத்தில் உடனே தெரியும், அதிலும் நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து என்றால் மை ஊறிய காகிதம் மாதிரி இருக்கும். டிவிக்கு ‘வந்திருப்பது கணினி’ என்று சொல்லிவிட்டால் இந்தப் பங்குபோடும் வேலையை விட்டுவிடும். இன்புட் பட்டியலில் அந்த எச்டிஎம்ஐ துளையின் பெயரை ‘பிசி’ என்று மாற்றுங்கள். பெயர் மாற்றினால் படம் மாறுமா என்று சிரிப்பீர்கள். பல மாடல்களில் மாறும். அதோடு துளையின் முழு வேகத்தையும் திறந்துவிட வேண்டும். சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘டீப் கலர்’, சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’ என்று பெயர். இது மூடியிருந்தால் 4கே 60 ஹெர்ட்ஸை முழு நிறத்தோடு அனுப்பப் போதிய வழி இருக்காது. ஷார்ப்னஸையும் இறக்கிவிடுங்கள். கடையில் வைத்தபோது ஏற்றிவிட்டிருப்பார்கள், எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுவது அதனால்தான்.

டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டிருந்தால் அது ஓவர்ஸ்கேன். படக்குழாய் டிவி காலத்து எச்சம் அது, ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஃபிட் டு ஸ்கிரீன்’ என்று தேடுங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் கிராபிக்ஸ் கார்டு அமைப்பில் ஃபுல், லிமிடெட் என்ற இரண்டில் ஒன்றை மாற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவே.

டிவியில் ஆடும்போது ரெசல்யூஷனை 1080-க்கு இறக்கிவிடுங்கள் என்று சொல்பவர்கள் நிறைய. நான் அதைச் செய்யமாட்டேன். 4கே என்றால் சுமார் 83 லட்சம் புள்ளிகள், 1080 என்றால் 21 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் கார்டு 83 லட்சத்துக்குத் திணறும் என்பது சரி. ஆனால் சிக்னலை 4கேயிலேயே விட்டுவிட்டு, கேமுக்குள் டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர் இருந்தால் அதை ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலையில் வையுங்கள். கேம் உள்ளே 1080-ல் வரைந்து 4கேக்குப் பெருக்கிக் கொடுக்கும், எழுத்தும் மெனுவும் மட்டும் முழு 4கேயில் கூர்மையாக நிற்கும். மேசையில் ஒன்றரை அடி தூரத்தில் குறை கண்டுபிடித்துவிடலாம், எட்டடி தள்ளி சோபாவில் இருந்து என்னால் முடிந்ததில்லை.

இனி கன்ட்ரோலர். இதில் ஒரு வரலாறு தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 2005-க்கு முன்பு பிசியில் ஒவ்வொரு கன்ட்ரோலரும் ஒவ்வொரு ஜாதி. கேமுக்குத் தெரிவதெல்லாம் ‘பட்டன் 3’, ‘பட்டன் 7’ என்று வெறும் எண்தான். எது குதிப்பது, எது சுடுவது என்று நாமே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்இன்புட் என்ற முறையைக் கொண்டுவந்து, கன்ட்ரோலர் என்றால் இத்தனை பட்டன், இத்தனை குச்சி, இந்த இடத்தில்தான் என்று முடிவு கட்டியது. பிறகு வந்த பிசி கேம்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வடிவத்தை நம்பியே எழுதப்பட்டவை. அதனால் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரைச் செருகினால் பேச்சே இல்லை. திரையில் ‘ஏ’ அழுத்து என்றால் கையிலும் ‘ஏ’ இருக்கும்.

பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரும் நன்றாகவே ஓடும். பிசி கேம்களை விற்கவும் ஓட்டவும் உள்ள ஸ்டீம் என்ற செயலி அதை எக்ஸ்பாக்ஸ் போல மாற்றிக் கேமிடம் காட்டிவிடும். ஸ்டீமுக்கு வெளியே வாங்கிய கேம்களில்தான் தொல்லை. அவற்றை ‘நான்-ஸ்டீம் கேம்’ என்று ஸ்டீமுக்குள் சேர்த்து ஓட்ட வேண்டும், இல்லையேல் டிஎஸ்4விண்டோஸ் மாதிரி ஒரு மென்பொருளை நடுவில் வைக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5-ன் கன்ட்ரோலரான டூயல்சென்ஸின் அந்த இறுகும் டிரிகருக்காக வாங்குகிறீர்கள் என்றால், பிசியில் அதைக் கொடுக்கும் கேம்கள் சிலவே, அவற்றிலும் பெரும்பாலும் கேபிளில் செருகினால்தான் வேலை செய்யும். எட்டடி கேபிளை ஹாலில் இழுத்துப் போட்டால் யாராவது ஒருவர் காபி டம்ளரோடு விழுவார்.

அப்படியிருந்தும் நான் வைத்திருப்பது டூயல்சென்ஸ்தான். காரணம் அதனுள் இருக்கும் கைரோ, அதாவது கன்ட்ரோலரைச் சாய்ப்பதையும் திருப்புவதையும் உணரும் சென்சார். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் அது இல்லை. கட்டைவிரல் குச்சியால் குறிவைப்பது என்றைக்கும் எனக்கு வந்ததில்லை, குறி ஒன்று இலக்கைத் தாண்டிப்போகும் அல்லது வந்து சேராது. ஸ்டீமின் கன்ட்ரோலர் அமைப்பில் கைரோவை மவுஸாக மாற்றி, இடது டிரிகரைப் பிடித்திருக்கும்போது மட்டும் அது உயிர்பெறும்படி வைத்துக்கொண்டேன். இப்போது வேலை இரண்டாகப் பிரிந்துவிட்டது. எதிரி இருக்கும் பக்கம் திரும்புவது குச்சியில். டிரிகரை அழுத்தி வில்லை இழுத்த பிறகு, கடைசி அரை அங்குலத்தை மணிக்கட்டு செய்துவிடும். சாவியைப் பூட்டுக்குள் திருப்புகிற அளவு அசைவுதான். முதல் நாள் மாலை எரிச்சலாக இருக்கும், சோபாவில் கொஞ்சம் சாய்ந்தாலே குறி ஓடும். இரண்டாவது நாள் மறுபடி குச்சிக்குப் போக மனம் வராது. குறிவைக்கும் கேம் ஆடுகிறவர் என்றால் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர். கார், கால்பந்து, வாள்சண்டை, நடந்து சுற்றும் கேம் என்றால் எக்ஸ்பாக்ஸ். என் சிபாரிசு இவ்வளவுதான்.

பழையதாக எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். 2013-ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரில் புளூடூத் கிடையாது, 2016-ல்தான் வந்தது. நடுவில் ஒளிரும் எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தனித் துண்டாக, மேலே உள்ள பம்பர் பட்டன்களோடு சேர்ந்து பளபளப்பாக இருந்தால் அது பழசு. முகப்போடு ஒரே துண்டாக இருந்தால் புளூடூத் உண்டு. விற்பவருக்கே இது தெரியாமல் இருக்கும்.

மலிவு விலைக் கன்ட்ரோலரில் நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ஆன்லைனில் பாதி விலைக்கு ஒன்று, படத்தில் அச்சு அசல். வந்து கார் கேம் போட்டேன். ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தினாலும் கார் சீறிக்கொண்டு பாய்ந்து சுவரில் மோதுகிறது. திரும்பத் திரும்ப இதேதான். கடைசியில் விண்டோஸில் கன்ட்ரோலர் சோதிக்கும் ஜன்னலைத் திறந்து பார்த்தால், டிரிகரின் அளவு பூஜ்யம் அல்லது நூறு, நடுவில் எதுவுமே இல்லை. டிரிகர் வடிவத்தில் ஒரு சுவிட்சை வைத்திருக்கிறார்கள்! புதுக் கன்ட்ரோலர் எது வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ரன் பெட்டியில் ‘ஜாய் டாட் சிபிஎல்’ (joy.cpl) என்பதை ஆங்கிலத்தில் அடித்து அந்த ஜன்னலைத் திறந்து, டிரிகர் படிப்படியாக ஏறுகிறதா, குச்சியை விட்டால் நடுவுக்குத் திரும்புகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

குச்சி நடுவுக்குத் திரும்பாமல் ஆள் தானாக நடப்பதை டிரிஃப்ட் என்கிறார்கள். பெரிய கம்பெனிகளின் வழக்கமான கன்ட்ரோலர்களில் குச்சிக்கு அடியில் இருப்பது பழைய ரேடியோ வால்யூம் திருகில் இருப்பதைப் போன்ற பொருள். தடத்தின் மேல் ஒரு முனை உரசிக்கொண்டே இருக்கும், உரசி உரசித் தேயும். காந்தத்தால் அளக்கும் ஹால் எஃபெக்ட் குச்சியில் உரசலே இல்லை. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை, 1998-ல் வந்த சேகா டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இருந்தது. பிறகு எல்லோரும் மலிவான வழிக்குப் போய்விட்டார்கள். இப்போது எய்ட்பிட்டூ, கேம்சர் போன்றவர்கள் ஹால் எஃபெக்ட் வைத்துக் குறைந்த விலைக்கே கொடுக்கிறார்கள். கைரோ வேண்டாம், பெயர் முக்கியமில்லை என்றால் அவர்களிடம் ஒன்று வாங்குவதில் தப்பில்லை.

வயர்லெஸ் என்றதும் எல்லோரும் புளூடூத்தைத் திட்டுகிறார்கள். பாதி நேரம் குற்றம் அதனுடையது இல்லை. என் வீட்டில் ஒரு வாரம் முழுக்க இந்தக் கூத்து நடந்தது. ஆள் ஓடிக்கொண்டிருப்பான், நான் குச்சியை விட்ட பிறகும் ஓடுவான், பள்ளத்தில் விழுவான். கன்ட்ரோலரைச் சந்தேகப்பட்டேன், பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். புளூடூத் டாங்கிள் (யுஎஸ்பி துளையில் செருகும் குட்டித் துண்டு) பிசியின் பின்பக்கம், இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. அதற்கு ஒட்டிய துளையில் யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க். யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் கிளப்பும், புளூடூத் பேசுவதும் அதே இடத்தில்தான். இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு கேபிளில் டாங்கிளை மாட்டி மேசை மேல் சோபாவுக்கு நேராக வைத்தேன். அன்றோடு தீர்ந்தது. வேறெதையும் மாற்றவில்லை.

இனி உங்கள் வீட்டின் உண்மையான பிரச்சினை: சுவர்.

எச்டிஎம்ஐ கேபிளைப் பற்றிக் கேட்டீர்கள். ஆனால் போக வேண்டியது ஒரு பொருள் இல்லை, இரண்டு. படம் பிசியிலிருந்து ஹாலுக்குப் போக வேண்டும், நீங்கள் அழுத்தும் பட்டன் ஹாலிலிருந்து பிசிக்குத் திரும்ப வேண்டும். படத்துக்குக் கேபிள் இழுத்துவிட்டு, கன்ட்ரோலர் சிக்னல் செங்கல் சுவரைத் தாண்டவில்லை என்று திண்டாடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேபிள் இழுத்தால் எச்டிஎம்ஐயோடு ஒரு யுஎஸ்பி நீட்டிப்பையும் சேர்த்தே இழுங்கள், டாங்கிள் ஹாலில் இருக்கட்டும்.

எச்டிஎம்ஐயிலும் நீளம் ஒரு விஷயம். சாதாரணச் செம்புக் கேபிளில் 4கே 60 ஹெர்ட்ஸ் நான்கைந்து மீட்டர் வரை நம்பகமாக வரும், அதற்கு மேல் திரை மின்னி மின்னி அணைய ஆரம்பிக்கும். டேப்பை வைத்து அளந்து பாருங்கள். கண்ணுக்கு ஐந்து மீட்டராகத் தெரிவது, நிலைப்படி சுற்றி, சுவரோரமாகப் போய், டிவிக்கு ஏறும்போது பத்து பன்னிரண்டு ஆகும். அந்தத் தூரத்துக்கு ஃபைபர் எச்டிஎம்ஐ வாங்க வேண்டும். அதற்குத் திசை உண்டு, ஒரு முனையில் ‘சோர்ஸ்’, மறுமுனையில் ‘டிஸ்பிளே’ என்று எழுதியிருக்கும். குழாய்க்குள் போட்டுச் சுவரைப் பூசிய பிறகு தலைகீழாகப் போட்டது தெரிந்தால் அழுகைதான் வரும். பூசுவதற்கு முன்பு இரண்டு முனையையும் மாட்டிப் படம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நெட்வொர்க் வழியாக ஆடுவது, என் கணக்கில், நீங்கள் முதலில் முயல வேண்டியது. காசு கேட்காது, பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். பிசியின் கிராபிக்ஸ் கார்டு கேமை நொடிக்கு நொடி வீடியோவாகச் சுருட்டி அனுப்பும், டிவியில் உள்ள செயலி அதை விரித்துக் காட்டும், கன்ட்ரோலரை டிவியோடு புளூடூத்தில் இணைத்துக்கொள்ளலாம். ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனி இதற்காக 2015-ல் ஸ்டீம் லிங்க் என்று ஒரு குட்டிப் பெட்டியே விற்றது. 2018-ல் அதை நிறுத்திவிட்டு ஆண்ட்ராய்டு செயலியாக்கிவிட்டது. ஆண்ட்ராய்டு டிவி என்றால் நேராகப் போட்டுக்கொள்ளலாம். நான் பயன்படுத்துவது மூன்லைட், சன்ஷைன் ஜோடி. மூன்லைட் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழக மாணவர்கள் 2013-ல் ஒரு ஹாக்கத்தானில் எழுத ஆரம்பித்தது. அப்போது அது, பிசியிலிருந்து கேமை அனுப்பும் என்விடியாவின் கேம்ஸ்ட்ரீம் வசதியை நம்பியிருந்தது. என்விடியா 2023-ல் அதைக் கைவிட்டபோது பிசிப் பக்கத்து வேலையைச் சன்ஷைன் என்ற இலவச மென்பொருள் எடுத்துக்கொண்டது. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் எந்தக் கார்டானாலும் ஓடும். டிவியில் மூன்லைட், பிசியில் சன்ஷைன், இரண்டையும் ஒரு நான்கு இலக்க எண்ணால் இணைத்தால் வேலை முடிந்தது.

இதில் ஒரே ஒரு கட்டளை: பிசியிலிருந்து ரவுட்டருக்குக் கேபிள் இருக்க வேண்டும். பிசியும் வைஃபை, டிவியும் வைஃபை என்றால் ஒரே காற்றில் எல்லாம் இரண்டுமுறை பயணம் செய்யும், அடுத்த வீட்டு ரவுட்டரும் சேர்ந்து இடிக்கும். படம் பத்து நிமிடம் நன்றாக ஓடி, கேமின் பெரிய எதிரி வரும் நேரம் பார்த்துக் கட்டம் கட்டமாக உடையும். டிவிப் பக்கம் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை போதும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பல டிவிகளில், விலை உயர்ந்தவற்றிலும்கூட, நெட்வொர்க் துளை நொடிக்கு 100 மெகாபிட் மட்டுமே. வேகச் சோதனையில் வைஃபை அதை ஜெயிக்கும். ஆனால் கேமுக்கு உச்ச வேகம் முக்கியமில்லை, விட்டுவிடாமல் வருவதுதான் முக்கியம். மூன்லைட்டில் 60 மெகாபிட் வைத்து ஹெச்இவிசி என்ற வீடியோ சுருட்டும் முறையைத் தேர்ந்தெடுத்தால் 4கேக்கு அந்த 100 தாராளம்.

மூன்லைட் அமைப்பில் புள்ளிவிவரத்தைத் திரையில் காட்டும் வசதி இருக்கிறது, ஒருமுறை போட்டுப் பாருங்கள். நெட்வொர்க் தாமதம் இரண்டு மூன்று மில்லிசெகண்டாக இருக்கும்போது ‘டீகோடிங்’ (சுருட்டிய வீடியோவை விரிக்கும் நேரம்) மட்டும் 25, 30 என்று காட்டினால் உங்கள் டிவியின் சில்லு மெதுவானது. அப்போது ரவுட்டரை மாற்றிப் பயனில்லை. நல்ல ஆண்ட்ராய்டு பெட்டியோ, சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்போ டிவியில் மாட்டினால் அந்த எண் ஒற்றை இலக்கத்துக்கு வரும்.

இப்படி ஆடினால் எல்லா கேமும் சரியாக இருக்குமா என்றால், இல்லை. ஸ்டார்ட்யூ வேலி, சிவிலைசேஷன் மாதிரியானவற்றில் ஒரு வித்தியாசமும் தெரியாது. கார் கேம் பழகிவிடும். ஹாலோ நைட் போல மயிரிழையில் தப்பிக்கும் கேம்களில் எனக்கு உறுத்துகிறது. சண்டைக் கேம்களை நெட்வொர்க்கில் நான் ஆடுவதேயில்லை. ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். உங்கள் கேம்களுக்கு உறுத்தினால் மட்டும் ஃபைபர் கேபிளுக்குச் செலவழியுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் சோபா ஆட்டம் நிலைப்பதா இல்லையா என்பதை வேறொன்றுதான் முடிவு செய்யும். ஓர் இரவில் எத்தனை தடவை எழுந்து போகிறீர்கள்? கடவுச்சொல் போட ஒரு தடவை, அப்டேட் கேட்கும் ஜன்னலை மூட ஒரு தடவை, சத்தம் மானிட்டர் ஸ்பீக்கருக்குப் போய்விட்டதை மாற்ற ஒரு தடவை. மூன்று தடவை எழுந்தால் நான்காம் நாள் பழையபடி மேசைக்கே போய்விடுவீர்கள். எனக்கு அப்படித்தான் ஆனது. எல்லாம் வாங்கி வைத்துவிட்டு இரண்டு மாதம் தொடாமலே கிடந்தது.

ஸ்டீமை டிவிக்கேற்ற பெரிய மெனுவாக மாற்றும் பிக் பிக்சர் மோட் இதற்காகவே 2012-ல் வந்தது. அப்போதைய வடிவம் சுமார்தான். வால்வின் கையடக்கக் கேம் கருவியான ஸ்டீம் டெக்குக்காக எழுதிய திரையை 2023-ல் அதன் இடத்தில் வைத்த பிறகு நன்றாகவே இருக்கிறது. பிசி எழுந்ததும் ஸ்டீம், ஸ்டீம் எழுந்ததும் பிக் பிக்சர் என்று அமைப்பில் போட்டுவிடுங்கள். தூக்கத்திலிருந்து எழும்போது விண்டோஸ் கடவுச்சொல் கேட்காதபடி மாற்றுங்கள், வீட்டு பிசிதானே. பலருக்குத் தெரியாத ஒன்று: ஸ்டீம் ஓடும்போது கன்ட்ரோலரின் நடுப் பட்டனைப் பிடித்துக்கொண்டு வலது குச்சியை அசைத்தால் மவுஸ் நகரும், வலது டிரிகர் கிளிக். அதே நடுப் பட்டனோடு எக்ஸ் பட்டன் (பிளேஸ்டேஷனில் சதுரம்) அழுத்தினால் திரையில் கீபோர்டு வரும். முளைக்கும் ஜன்னல்களில் பாதியை இதை வைத்தே விரட்டிவிடலாம்.

மீதிப் பாதி, கேமுக்குள்ளிருந்து இன்னொரு கம்பெனியின் லாஞ்சர் (கேமைத் தொடங்கிவைக்கும் செயலி) திறந்து, மறுபடி லாகின் செய் என்று நிற்பது. அதற்குப் போராடாதீர்கள். டச்பேட் வைத்த குட்டி வயர்லெஸ் கீபோர்டு ஒன்றை வாங்கி சோபா மெத்தைக்கு அடியில் வைத்துவிடுங்கள். கன்ட்ரோலருக்கு அடுத்து இந்த வேலையில் உருப்படியான செலவு அதுதான். டிவியை ஆன் செய்ய மட்டும் ரிமோட்டை எடுத்தாக வேண்டும். செட்டாப் பெட்டிகள் எச்டிஎம்ஐ வழியாக டிவியை எழுப்பும், பிசி கிராபிக்ஸ் கார்டுகளில் பொதுவாக அந்த வசதி கிடையாது.

விண்டோஸையே தூக்கிவிட்டு பாஸைட் (Bazzite) போன்ற லினக்ஸ் போடலாமா என்று கேட்பீர்கள். ஆன் செய்தால் நேராகக் கேம் திரை, கன்சோல் மாதிரி. ஏஎம்டி கார்டு இருந்து, தனியாக ஆடும் கேம்கள்தான் என்றால் அருமை. ஆன்லைன் கேம்களில் சில, ஏமாற்றுவதைத் தடுக்கும் ஆன்டி-சீட் மென்பொருள் காரணமாக லினக்ஸில் உள்ளேயே விடாது. இன்னொரு முள்ளும் உண்டு. ஏஎம்டியின் திறந்தமூல லினக்ஸ் டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1 சேர்ப்பதை எச்டிஎம்ஐ விதிகளை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-ல் மறுத்துவிட்டது. 120 ஹெர்ட்ஸ் டிவிக்காரர்கள் அதனால் டிஸ்பிளேபோர்ட் மாற்றிகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

எந்தக் கேம் சோபாவுக்கு ஒத்துவரும் என்று பார்க்க ஒரு குறுக்குவழி. ஸ்டீமில் கேமின் பக்கத்தில் டெக் வெரிஃபைடு என்ற பச்சை முத்திரை இருக்கிறதா பாருங்கள். உங்களிடம் டெக் இல்லாவிட்டாலும் அது உதவும். முழுக்கக் கன்ட்ரோலரில் ஆட முடிகிறதா, லாஞ்சர் வந்தால் அதிலும் கன்ட்ரோலர் நகர்கிறதா, எழுத்து படிக்க முடிகிறதா என்று பார்த்துத்தான் முத்திரை கொடுக்கிறார்கள். முதலில் வந்த டெக்கின் திரை ஏழு அங்குலம், ஓரடிக்குக் கொஞ்சம் மேல் தள்ளிப் பிடித்து ஆடுவோம். 55 அங்குல டிவியை எட்டடி தள்ளிப் பார்ப்பதும் கண்ணுக்கு ஏறக்குறைய அதே அளவுதான். அங்கே படிக்க முடிந்த எழுத்தை இங்கேயும் படிக்கலாம். முத்திரை இல்லாத கேம் என்றால் மெனுவையும் எழுத்தையும் பெரிதாக்கும் ‘யுஐ ஸ்கேல்’ என்ற அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸுக்குள் 4கே டிவியில் 300 சதவீதம் வைத்தால் எட்டடிக்குச் சரியாக இருக்கும்.

வீட்டில் ஆடாதவர்களையும் இழுத்து உட்கார வைக்க நினைத்தால் இட் டேக்ஸ் டூ, ஓவர்குக்டு இரண்டும் போதும். முன்னது இருவர் இல்லாமல் ஆடவே முடியாதது, திரை பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்தே இருக்கும். பிசியை ஹாலில் வைக்கச் சம்மதிக்காதவர் கையில் இரண்டாவது கன்ட்ரோலரைக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒன்பதரை சீரியல் முடிந்ததும் ஓவர்குக்டு போடச் சொல்வது இப்போது நான் இல்லை.

மவுஸுக்கென்றே பிறந்த கேம்களைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பால்டர்ஸ் கேட் 3 கன்ட்ரோலரை எடுத்ததும் மெனுவையே வட்டச் சக்கரமாக மாற்றிக்கொள்ளும். சோபாவில் ஆடினால் மேசையைவிடச் சுகம் என்றுகூடச் சொல்வேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கும் 2023-ல் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தபோது கன்ட்ரோலர் ஆட்டம் சேர்த்தார்கள், கிராமத்து ஆட்கள் தானாக வேலைக்குப் போகும்படி புத்திசாலித்தனமாகவே செய்திருக்கிறார்கள். கணினி எதிரியோடு ஆடப் போதும். எதிரில் மவுஸோடு ஒரு மனிதர் இருக்கிறார் என்றால் நான் இன்றும் எழுந்து படுக்கையறை நாற்காலிக்குத்தான் போகிறேன்.